சிங்கத்துக்காக ஒழித்துக் கொடுத்த காடு

ஆசியச் சிங்கங்களில் சிலவற்றைக் குஜராத்தின் கிர் காட்டிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்தது. ஆறு மாதக் கெடுவும் விதித்தது. அந்தக் கெடு கடந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும் ஒரு சிங்கம்கூடக் குனோவுக்குப் போய்ச் சேரவில்லை. இரை விலங்குகள் போதா, திருட்டு வேட்டை நடக்கும் பகுதி, புலி நடமாட்டம் உண்டு என்று காரணங்கள் அறிவியலின் நடையில் அடுக்கப்பட்டன. அவற்றுக்கு அறிவியலாளர்கள் விடையும் சொல்லிவிட்டார்கள். யாராலும் விடை சொல்ல இயலாமல் நிற்பது ‘குஜராத்தின் சிங்கம்’ என்ற ஆறாம் வேற்றுமைத் தொடர் ஒன்றுதான்.

கிழமைப் பொருளைத் தமிழ் இலக்கணம் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது. முருகனது கை என்றால் தற்கிழமை. முருகனை விட்டுப் பிரிந்தால் அது கையாக இராது. முருகனது வீடு என்றால் பிறிதின்கிழமை. பத்திரம் எழுதிக் கொடுத்தால் நாளை அது கந்தனது வீடு. உருபு இரண்டுக்கும் ஒன்றே என்பதால் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. உலகின் பல மொழிகள் இவ்விரண்டையும் வடிவத்திலேயே வேறுபடுத்துகின்றன. அவற்றில் உடலுறுப்புப் பெயர்களும் உறவுமுறைப் பெயர்களும் பெரும்பாலும் பிரிக்க இயலாத உடைமையின் பக்கம் நிற்கும். நீதிமன்றத்தில் குஜராத் தரப்பு முன்வைத்த வாதங்களுள் ஒன்று, சிங்கம் தங்கள் குடும்ப உறுப்பினர் என்பது. உறவுமுறையைத் துணைக்கு அழைத்ததில் ஒரு கூர்மை இருக்கிறது. வீட்டுப் பிள்ளையை அண்டை மாநிலத்துக்குக் கொடு என்று யார் கேட்பது?

நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் சி.கே. பிரசாத்தும் அந்தச் சொல்லை நேராகவே எதிர்கொண்டார்கள். சிங்கம் குடும்ப உறுப்பினரா, பண்பாட்டின் கூறா, ஒரு மாநிலத்தின் பெருமையா என்பவை மையக் கேள்விகள் ஆகா. அழிவின் விளிம்பில் இருக்கும் ஓர் இனத்துக்கு எது நலம் என்பதே கேள்வி என்றார்கள். காட்டுயிர் எந்த அரசின் சொத்தும் அன்று, அரசு அதன் காவலர் மட்டுமே என்பது தீர்ப்பின் அடித்தளம். இலக்கண மொழியில் சொன்னால், தற்கிழமையை மறுத்ததோடு பிறிதின்கிழமையையும் சேர்த்தே நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்திய நீதிமன்ற மொழியில் இத்தனைத் தெளிவு அரிது. தெளிவாக இருந்தது என்பதற்காக அது நிறைவேறிவிடவில்லை.

குஜராத்தின் குரலை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடவும் முடியாது. ஒரு காலத்தில் பாரசீகம் முதல் கிழக்கிந்தியா வரை பரவியிருந்த விலங்கு, 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்தியாவில் கிர் காட்டில் மட்டுமே எஞ்சியது. ஜுனாகட் நவாபுகள் வேட்டையைக் கட்டுப்படுத்தினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பொறுப்பு அரசுக்கு வந்தது. 1968-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 177 சிங்கங்கள். 2015-இல் 523, 2020-இல் 674, 2025-இல் 891. இந்த ஏற்றத்தை வனத்துறையின் கணக்குப் புத்தகம் மட்டும் சாதித்துவிடவில்லை. இன்று சிங்கங்களில் பாதிக்கும் மேற்பட்டவை கிர் காப்பிடத்துக்கு வெளியே, மாந்தோப்புகளிலும் வயல்களிலும் கடலோரப் புதர்களிலும் வாழ்கின்றன. இரவில் பம்புசெட்டைப் போடப் போகிற விவசாயி வரப்பில் ஒரு சிங்கத்தைக் கண்டால் ஒதுங்கி நின்று வழிவிடுகிறார். உலகில் வேறெங்கும் சிங்கமும் மனிதரும் இத்தனை நெருக்கத்தில், இத்தனைக் குறைந்த பகையோடு வாழ்வதாகச் சொல்வது கடினம்.

அந்த நெருக்கத்தின் முதல் விலையைக் கொடுத்தவர்கள் மால்தாரிகள். ‘மால்’ என்றால் கால்நடை, ‘தாரி’ என்றால் வைத்திருப்பவர். கிர் காட்டுக்குள் ‘நேஸ்’ எனப்படும் முள்வேலியிட்ட சிறு குடியிருப்புகளில் எருமை வளர்த்து வாழ்ந்த மக்கள். 1970-களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுகளின்படி, கிர் சிங்கத்தின் உணவில் ஏறத்தாழ முக்கால் பங்கு கால்நடைகளாக இருந்தது. மான்கள் அருகிப்போன அந்த ஆண்டுகளில் சிங்கத்துக்குச் சோறு போட்டவர்கள் மால்தாரிகள் என்று சொன்னால் மிகையாகாது. குடும்ப உறுப்பினர் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் எங்காவது இருந்தது என்றால் அது நேஸ்களில் இருந்தது. ஆனால் 1972-இல் தொடங்கிய கிர் சிங்கக் காப்பிடத் திட்டம் நூற்றுக்கணக்கான மால்தாரிக் குடும்பங்களைக் காட்டைவிட்டு வெளியேற்றியது. புல் தழைத்தது, மான் பெருகியது, சிங்கத்தின் உணவில் கால்நடையின் பங்கு குறைந்தது. சூழலியல் கணக்கில் அது வெற்றிதான். வெளியேறிய குடும்பங்களில் பல, பழக்கமில்லாத உழவுத் தொழிலுக்குத் தள்ளப்பட்டு நொடித்துப்போயின என்பதும் அதே வெற்றியின் கணக்கில் எழுதப்பட வேண்டியது.

குஜராத்தியில் சிங்கத்துக்கு ‘சிம்ஹ்’ என்ற சொல் உண்டு. சௌராஷ்டிரத்து ஊர்ப்புறங்களிலோ ‘சாவஜ்’ என்ற சொல்லே வாயில் வரும். ஜவேர்சந்த் மேகாணியின் ‘சாரண் கன்யா’ என்ற புகழ்பெற்ற பாடல், கன்றைக் காப்பாற்றக் கோலோடு சிங்கத்தைத் துரத்திய பதினான்கு வயதுச் சாரணப் பெண்ணைப் பற்றியது. அந்தப் பாடலின் சிங்கம் எதிரி. அதே வேளை மதிக்கத்தக்க அண்டைவீட்டான். பெருமைச் சின்னம் என்பது அந்த உறவுக்குப் பொருந்தாத பெயர். பின்னாளில் கே.எம். முன்ஷி பரப்பிய ‘குஜராத் அஸ்மிதா’ என்ற கருத்து, அரசியல் மேடைகளில் ஏறி விளம்பரப் பலகைகளில் இறங்கியபோது சிங்கமும் அதனுடன் சேர்ந்துகொண்டது. ‘அஸ்மிதா’வைத் தமிழில் தன்மானம், தன்னுணர்வு என்று எப்படிச் சொன்னாலும் அதற்குள் ‘நான்’ இருக்கிறது. வடமொழியில் அந்தச் சொல் ‘இருக்கிறேன்’ என்ற வினைமுற்றிலிருந்தே பிறந்தது. தன்மையில் பிறந்த சொல்லைப் படர்க்கையில் வாழும் விலங்கின்மேல் ஏற்றிவைத்தால், அந்த விலங்கை இடம் மாற்றுவது ‘என்னை’ வெட்டி எடுப்பதாகிவிடுகிறது.

இடம் மாற்றுவதற்கான தேவை எளிமையானது. ஒரே மந்தையை ஒரே தொழுவத்தில் கட்டி வைத்திருப்பவர் கோமாரி வந்தால் என்ன ஆகும் என்று அறிந்திருப்பார். கிர் சிங்கங்கள் மிகச் சிறிய எண்ணிக்கையிலிருந்து பெருகியவை. அவற்றின் மரபணுப் பன்மை மிகக் குறைவு. ஒன்றைத் தாக்கும் கிருமி எல்லாவற்றையும் தாக்கக்கூடும். 1994-இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் பரவி, அங்கிருந்த சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சுமார் ஆயிரம் சிங்கங்கள், மடிந்தன. 2018 செப்டம்பரில் அதே கிருமி கிர் கிழக்குப் பகுதியின் தல்கானியா சரகத்துக்கு வந்தது. சில வாரங்களில் 23 சிங்கங்கள் இறந்தன. அமெரிக்காவிலிருந்து அவசரமாகத் தடுப்பூசி தருவிக்கப்பட்டது. சிங்கங்கள் தனிமைப்படுத்தப்பட்டு ஊசி போடப்பட்டன; பரவல் அடங்கியது. அடுத்த கணக்கெடுப்பில் எண்ணிக்கை உயர்ந்ததும், அந்தச் சில வாரங்கள் செய்தித்தாளின் பழைய பக்கங்களுக்குள் போய்விட்டன. செரெங்கெட்டியில் எஞ்சியிருந்தவை ஈராயிரம். கிரில் மொத்தமே ஆயிரத்தைத் தொடவில்லை.

இந்த ஆபத்தை 2018-க்கு வெகு முன்பே கண்டுசொன்னவர்கள் இருந்தார்கள். 1990-களின் முற்பகுதியில் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தைச் சேர்ந்த ரவி செல்லமும் உடன் பணியாற்றியவர்களும் சிங்கங்களுக்கு இரண்டாம் இருப்பிடமாகப் பொருந்தக்கூடிய காடுகளை ஆராய்ந்து, ஷியோபூர் மாவட்டத்தின் குனோவைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று 345 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காப்பிடம் அது. அதற்குள் 24 ஊர்கள் இருந்தன. 1990-களின் இறுதியில் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் அத்தனை ஊர்களும் வெளியே கொண்டுசெல்லப்பட்டன. 1,500-க்கும் மேற்பட்ட குடும்பங்கள். பெரும்பாலோர் சஹாரியாப் பழங்குடியினர்.

வாடகைக்கு இருப்பவரிடம் ‘வீட்டை ஒழித்துக் கொடு’ என்று கேட்பது தமிழ் வழக்கு. சஹாரியாக்களிடம் கேட்கப்பட்டது அதுதான். காடு அவர்களுக்குப் பிறிதின்கிழமை என்று எடுத்துக்கொள்ளப்பட்டது; நிலத்துக்குப் பதில் நிலம், மரத்துக்குப் பதில் பணம். சாலை மரத்துப் பிசினும் தெந்து இலையும் இலுப்பைப் பூவும் கிழங்கும் மீனும் எந்தப் பட்டாவிலும் ஏறவில்லை. இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த பொருளியலாளர் அஸ்மிதா கப்ரா, காட்டுப்பொருள் வருமானம் பறிபோனதையும், கல் நிறைந்த நிலத்தில் உழவு கைகொடுக்காததையும், கூலி வேலைக்கு அவர்கள் தள்ளப்பட்டதையும் பதிவு செய்திருக்கிறார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிங்கத்தின்மீது உரிமை கொண்டாடிய மாநிலம் நீதிமன்றப் படியேறி, தேசிய அளவில் வாதாடி, தீர்ப்பு எதிராக வந்த பின்னும் சிங்கத்தைக் கொடுக்காமல் இருக்க முடிந்தது. காட்டின்மீது உரிமை கொண்டிருந்த மக்களோ, சிங்கம் வருமா வராதா என்ற முடிவு உறுதியாகும் முன்பே காட்டைக் கொடுத்துவிட நேர்ந்தது.

குனோவுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பெரும்பூனை வருவது 2022-இல் தொடங்கிய கதை அன்று என்பது ஒரு வேடிக்கை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குவாலியர் மகாராஜா மாதவராவ் சிந்தியா, ஆப்பிரிக்கச் சிங்கங்களைக் கப்பலில் தருவித்து அந்த வட்டாரக் காடுகளில் விட்டுப் பார்த்தார். அவை கால்நடைகளை அடிக்கத் தொடங்க, முயற்சி தோல்வியில் முடிந்தது. கிர் சிங்கங்களைப் பெயர்த்து நடும் முயற்சியும் ஒருமுறை நடந்திருக்கிறது. 1957-இல் உத்தரப் பிரதேசத்தின் சந்திரபிரபா காப்பிடத்தில் ஓர் ஆணும் இரு பெண்களும் விடப்பட்டன. 1965 வாக்கில் பதினொன்றாகப் பெருகிய அவை பிறகு தடமின்றி மறைந்தன. முறையான கண்காணிப்பு இல்லாத காலம். இரண்டாம் இருப்பிடத்தை மறுப்பவர்கள் இதை ஒரு சான்றாகக் காட்டுவதுண்டு. எட்டாண்டுகளில் மூன்று பதினொன்றானதை அவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

குனோவில் மக்கள் போய்விட்டார்கள், சிங்கமும் வரவில்லை. அந்த வெற்றிடத்துக்குள் வந்தது சிவிங்கி. இந்தியாவின் கடைசிச் சிவிங்கிகள் எனக் கருதப்படும் மூன்றை 1947-இல் கோரியா சமஸ்தானத்து மன்னர் ஒரே இரவில் சுட்டு வீழ்த்தினார். 1952-இல் அந்த இனம் நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. ஆசியச் சிவிங்கி இன்று ஈரானில் மட்டும் மிகச் சிலவாக எஞ்சியிருக்கிறது. அங்கிருந்து பெறுவது இயலாது என்றானபோது ஆப்பிரிக்காவின் பக்கம் பார்வை திரும்பியது. சிங்க வழக்கின் அதே 2013 தீர்ப்பில், குனோவில் ஆப்பிரிக்கச் சிவிங்கியைக் கொண்டுவரும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆப்பிரிக்கச் சிவிங்கி இந்நாட்டின் இயலுயிர் அன்று, அயலுயிர் என்பது வாதத்தின் மையம். 2020 ஜனவரியில் அதே நீதிமன்றம், சோதனை முயற்சியாகப் பொருத்தமான இடத்தில் கொண்டுவரலாம் என்று அனுமதித்தது. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டும், 2023 பிப்ரவரி 18 அன்று தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் வந்து சேர்ந்தன. ‘சோதனை’ என்ற ஒற்றைப் பெயரடையின் தோளில் ஏறி ஓர் அயலுயிர் கண்டம் தாண்டிவிட்டது. இந்நாட்டுச் சிங்கத்தால் மாநிலம் தாண்ட முடியவில்லை.

தமிழ் நாளிதழ்கள் அந்த வாரத்தில் சற்றுத் தடுமாறின. ‘சிறுத்தை’ என்று எழுதினால் அது வேறு விலங்கு. ‘சீட்டா’ என்று எழுதினால் ஒட்டவில்லை. அகராதியில் உறங்கிக்கொண்டிருந்த ‘சிவிங்கி’ தூசு தட்டி எடுக்கப்பட்டு, ‘புலி’யும் சேர்த்து ‘சிவிங்கிப்புலி’ ஆயிற்று. அற்றுப்போன விலங்கின் பெயரை மொழி பத்திரப்படுத்தி வைத்திருந்தது என்ற அளவில் மகிழலாம். இந்தியிலோ வேறு வகைப் பெயர் மாற்றம் நடந்தது. வந்த விலங்குகளுக்குப் பெயர் சூட்ட மக்களிடையே போட்டி நடத்தப்பட்டது. ‘சியாயா’ என்று வந்தது ‘ஜ்வாலா’ ஆயிற்று; ‘ஓபான்’ ‘பவன்’ ஆயிற்று; ‘சவன்னா’ ‘நபா’ ஆயிற்று. குடியுரிமை வழங்குவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

உடல் அந்தப் பெயர்களை ஏற்றுக்கொள்ளவில்லை. தென் அரைக்கோளத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை குளிர்காலம். அதற்கெனச் சில சிவிங்கிகள் குனோவின் மழைக்காலத்தில் தடித்த குளிர்கால மயிரை வளர்த்தன. கழுத்துப் பட்டைக்கு அடியில் ஈரம் தங்கியது, புண் வந்தது, புழு வைத்தது. 2023 ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் அடுத்தடுத்து மரணங்கள். அதற்கு முன்பே, ஜ்வாலா மார்ச் மாதத்தில் ஈன்ற நான்கு குட்டிகளில் மூன்று மே மாத வெயிலில் இறந்திருந்தன. பிழைத்த ஒன்றை வனத்துறையினர் கையில் எடுத்து வளர்த்தார்கள். ‘முகி’ என்று பெயர். பிறந்த மண்ணாலேயே இந்தியாவுக்குரிய சிவிங்கி என்று சொல்லத் தகுந்தது அதுதான். அதன்பின் குட்டிகள் பல பிறந்திருக்கின்றன. திட்டம் தோற்றுவிட்டது என்று இப்போதே எழுதுவது அவசரம். அதைக் கவனித்துக்கொள்ளும் கால்நடை மருத்துவர்களின் உழைப்பையும் குறைத்துச் சொல்ல முடியாது. கேள்வி அந்தக் காட்டின் முன்பதிவைப் பற்றியது.

இயல், அயல் என்ற வேலியும் அப்படி ஒன்றும் உறுதியானதன்று. ஆசியச் சிங்கத்தை நெடுங்காலம் ‘பாந்தெரா லியோ பெர்சிகா’ என்ற தனித் துணையினமாகவே வகைப்படுத்தியிருந்தார்கள். 2017-இல் உலகப் பூனைக் குடும்ப வல்லுநர்கள் வகைப்பாட்டைத் திருத்தியபோது, மேற்கு, நடு ஆப்பிரிக்கச் சிங்கங்களோடு சேர்த்து ‘பாந்தெரா லியோ லியோ’ என்ற ஒரே துணையினத்துக்குள் வைத்தார்கள். கிர் சிங்கம் தன் தனிப்பெயரை இழந்தது. அதன் எண்ணிக்கையும் நோய்களும் கிணறுகளும் ரயில் பாதையும் பெயரைப் பொருட்படுத்தாமல் அப்படியே இருந்தன. சுற்றுச்சுவர் இல்லாத பாசனக் கிணறுகளில் விழுந்தும், பிபாவாவ் துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயிலில் அடிபட்டும் சிங்கங்கள் இறப்பது தொடர்கிறது.

குஜராத் இப்போது வேறொரு விடையைச் சொல்கிறது. 2023-இல் ஓர் ஆண் சிங்கம் தானாகவே நடந்து போர்பந்தர் அருகிலுள்ள பர்தா காப்பிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நூறாண்டுக்கும் மேலாகச் சிங்கம் இல்லாத இடம். இன்று அங்கே சிறு கூட்டம் உண்டு. சிங்கமே தன் இரண்டாம் வீட்டைத் தேடிக்கொண்டது, குனோ எதற்கு என்பது அந்த விடை. பர்தா ஏறத்தாழ 190 சதுர கிலோமீட்டர். கிரிலிருந்து ஒரு சிங்கம் நடந்தே சேரக்கூடிய தொலைவு. சிங்கம் நடக்கக்கூடிய தொலைவைத் தெருநாயும் கிருமியும் கடக்கும். நல்ல செய்திதான் அது. ஆனால் கேட்கப்பட்ட கேள்விக்கு விடை அன்று.

நிர்வாக மொழியில் இன்னொரு சொல்லும் உண்டு: இடமாற்றம். வட்டாட்சியருக்கும் இடமாற்றம், சிங்கத்துக்கும் இடமாற்றம், சஹாரியாவுக்கும் இடமாற்றம். சிங்கத்தின் இடமாற்றத்துக்கு இரை அடர்த்தி, நீர்நிலை, வெயில் அளவு, நோய்க்கூறு என அறிக்கைமேல் அறிக்கை. முப்பதாண்டு ஆராய்ந்தும் இன்னும் ஐயம் தீரவில்லை என்கிறார்கள். சஹாரியாவின் இடமாற்றத்துக்குக் குடும்பத்துக்கு இத்தனை ஹெக்டேர் என்ற ஒரு வாய்பாடு போதுமானதாக இருந்தது. சிவிங்கி வந்த பிறகு சுற்றுவட்டார ஊர்க்காரர்களில் நூற்றுக்கணக்கானோருக்குச் ‘சீத்தா மித்ரா’ என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். சிவிங்கியின் நண்பர் என்று பொருள். ஊருக்குள் விலங்கு வந்தால் அடிக்காமல் தகவல் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

குனோவைவிட்டுப் போனபோது அந்தக் குடும்பங்கள் தங்கள் மாடுகளில் பலவற்றைக் காட்டிலேயே விட்டுச் சென்றன. புதிய இடத்தில் மேய்ச்சல் இல்லை. வரப்போகும் சிங்கங்களுக்கு மான் பெருகும்வரை அவை முதல் இரையாகும் என்று திட்டக்காரர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். உரிமையாளர் இல்லாத அந்த மாடுகள் கைவிடப்பட்ட ஊர்களின் புல்வெளிகளில் கட்டுத்தறி அறியாமல் ஈன்று பெருகின. சிறுத்தைகள் கன்றுகளை அடித்தன. சிவிங்கி வேகத்தில் சிறந்தது, எடையில் சிறியது. வளர்ந்த எருதை அது தொடுவதில்லை.